மனன் அண்ணன்

சித்திரை மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில், ஏலம் முடிந்து நாங்கள் மீன்கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், கிழக்கே கடலுக்கு மேலே ஒரு வெள்ளைக் குதிரை ஓடி வந்தது. அதன் முதுகில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். குதிரையின் ஒரு குளம்புகூட நனையவில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, குதிரை எப்படித் தண்ணீர்மேல் ஓடும் என்பதைத்தான். எங்கள் சிலுவைத்துறையில் அதை யாரும் கேட்கவில்லை. வந்தவர் யார், சாப்பிட்டாரா, நமக்கு என்ன முறை வேண்டும் என்றுதான் கேட்டோம். ஒரு ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எங்களால் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது.

அவர் தோளில் கிடந்த போர்வையிலிருந்து புகை புகையாக எதுவோ இறங்கிக் கடலை மூடிக்கொண்டே வந்தது. ஊட்டிக்கு டூர் போய் வந்த நாலைந்து பேர்தான் அது மூடுபனி என்று அடையாளம் சொன்னார்கள். ஆம்பிளைகள் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, முட்டளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தவள் சலேத்தம்மாதான். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. நான் ரெஜினம்மாள், அவளை ஒட்டி நின்றவள், அதனால் அங்கே பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் தெரியும்.

“யாரு நீங்க? எந்த ஊரு?” என்றாள்.

“மனன்னான்,” என்றார் அவர்.

“மனன் அண்ணனா!” என்று அவள் போட்ட சத்தத்தில் குதிரையே ஒரு அடி பின்னால் போனது. “வாங்கண்ணே! வெயில்ல வந்திருக்கீய, முதல்ல எறங்குங்க!”

மற்றவர்களுக்கு அது ஒரு சொல். சலேத்தம்மாவுக்கு அப்படி இல்லை. கூடப்பிறந்தது ஒருத்தரும் இல்லாதவள் அவள். அவள் மகள் ஜெனோவா வயதுக்கு வந்தபோது மாலை போடத் தாய்மாமன் இல்லாமல், அடுத்த தெருவிலிருந்து யாரையோ கெஞ்சிக் கூட்டிவந்து ஒப்பேற்றி, அன்றைக்கு முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து அழுதவள். கடல்மேல் ஒருத்தர் வந்து, தன் பெயரிலேயே அண்ணன் என்று வைத்திருந்தால் அவள் விடுவாளா? கூட்டிக்கொண்டு போய் மோர் கொடுத்தாள். அவரும் குடித்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம் ஊத்து தங்கச்சி,” என்றார். முடிந்தது, முறை விழுந்துவிட்டது.

பங்குச்சாமியார் ஃபாதர் அமலதாசன் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். அவர் அயர்லாந்தில் படித்தவர். அங்கே வேதசாஸ்திரத்தைப் படித்ததைவிடப் பழைய கதைகளைப் படித்ததுதான் அதிகம் என்பது, சந்தோஷத்தில் அவர் குதித்த குதியைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். இவர் கெல்ட் என்கிற பழைய ஜனங்களின் தெய்வம். கடலுக்கும், கடலுக்கு அப்பால் இருக்கிற மறு உலகத்துக்கும் அதிபதி. அந்த உலகத்தில் நோய் இல்லை, நரை இல்லை, சாவு இல்லை. நாம் கடல் என்று பார்ப்பது இவர் கண்ணுக்குப் பூத்துக் கிடக்கிற வயல்வெளி. துள்ளுகிற மீனெல்லாம் இவருக்குக் கன்றுக்குட்டியும் ஆட்டுக்குட்டியும்.

“சாமி, இவரு சாமியா பேயா, அதச் சொல்லுங்க,” என்றான் மெல்க்கியோர். பெரிய விசைப்படகுக்காரன், எதையும் தெளிவாக வைத்துக்கொள்வான்.

“பேய்னு சொல்லாத! அந்த ஊருத் துறவிங்கதான் மடத்துல உக்காந்து இவரு கதையத் தோல்ல எழுதிக் காப்பாத்தி வெச்சாங்க. நம்ம ஆண்டவரு பொறக்கப் போறத இவரே முன்கூட்டிப் பாட்டாப் பாடுனாருன்னு எழுதியிருக்காங்கய்யா!”

“அப்பம் நம்ம ஆளுதான்,” என்றான் மெல்க்கியோர். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பெயரைத் தாங்கிய தீவு ஒன்றில் ஜனங்கள் வருஷா வருஷம் ஒரு கட்டுக் கோரையை அவருக்குக் காணிக்கை வைப்பார்களாம். வெறும் புல்லைக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று நாங்கள் பத்தமடைப் பாயாகவே வாங்கிக் கொடுத்தோம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றோம், ஆகவே எங்கள் புருஷன்மார்களுக்கு அவர் மச்சான் ஆனார், எங்கள் பிள்ளைகளுக்கு மாமன் ஆனார், அப்புறம் எந்த வீட்டுக் காதுகுத்தும் அவர் மடியில் இல்லாமல் நடக்கவில்லை. மூடுபனியால் கருவாடு காயவில்லை என்று நான் போய்ச் சண்டை பிடித்தேன். மறுநாளிலிருந்து கருவாடு உலர்த்துகிற நேரத்தில் அவர் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். அவர் பிற்பாடு தன் ஊரிலிருந்து கூட்டிவந்த பன்றியை அறுத்து ஊரே தின்றது. விடிந்தால் அது உயிரோடு எழுந்துவிடும். ஆனால் தன்னைத் தின்றவர்களை அது நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலாக வந்து நின்று உறுமிவிட்டுப் போகும். கூச்சப்பட்டு நாங்களே கொஞ்ச நாளில் பன்றிக்கறியை நிறுத்திவிட்டோம்.

படகு நிறையச் சாளை மீன் வந்தால் மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “இத்தன குட்டியவா ஓட்டிட்டு வந்தீய?” என்பார். நாங்கள் சிரிப்போம்.

அவர் தமிழ் எங்கே படித்தார் என்று கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்னார். இந்தக் கடலில் உயிர் போனவர்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குத்தான் வருகிறார்களாம், அவர்களிடம் படித்த தமிழாம். அதனால்தான் கடலோடு போன என் மாமனார் திட்டுகிற வார்த்தையெல்லாம் அவர் வாயில் வந்தது. எங்களுக்குப் பயம் வரவில்லை. போனவர்கள் போன இடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் பாதி ஊர் அன்றைக்கு நன்றாகத் தூங்கியது.

ஒருவனுக்கு மட்டும் அப்படி இல்லை. அவன் சலேத்தம்மாவின் புருஷன் கஸ்பார். கஸ்பாருக்குத் தாய் தகப்பன் கிடையாது. அவனைத் தூக்கி வளர்த்தது அண்ணன் இராயப்பன்தான். எலும்பும் தோலுமாக இருந்த தம்பியை இராயப்பன் குட்டிச்சாளை என்று கூப்பிடுவான். கல்யாண வயதுகூட ஆகாமல், ஒரு புயலில் படகு கவிழ்ந்து இராயப்பன் போனான். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கஸ்பார் வேறு எவரையும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. தன்னைவிட மூத்தவனென்றாலும் ‘ஓய்’ என்பான், பெயரைச் சொல்வான், திட்டு வாங்கிக்கொள்வான். மனன் அண்ணன் கரையேறிய அன்றைக்கு அவனைப் பார்த்து, “நீதானா குட்டிச்சாளை?” என்று சிரித்தபடி கேட்டார். இராயப்பனைக் கொண்டுபோனது யார் என்று கஸ்பாருக்கு அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. முகம் கறுத்து எழுந்து போனான். அதற்குப் பிறகு ஊரே மச்சான் மச்சான் என்று கொண்டாட, அவன் மட்டும் ‘அந்த ஆளு’ என்றான்.

சலேத்தம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தலைகால் புரியாமல் இருந்தாள். விட்டுப்போன தாய்மாமன் சீரை வட்டியும் முதலுமாக இப்போது செய்யவேண்டும் என்று அண்ணனிடம் உரிமையோடு கேட்டாள். “நான் வளந்து ஸ்கூட்டி ஓட்டுதேன், இப்ப என்னத்துக்கும்மா சீரு?” என்று ஜெனோவா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு டவுன் ஓட்டல்களுக்கு மீன் போடுகிறவள். பேரம் பேசினால் ஆம்பிளைகள் தோற்றுப்போவார்கள். மனன் அண்ணனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. குதிரையில் ஏறிப் போய், அங்கேயிருந்து ஒரு பட்டுக் கொண்டுவந்தார். விரித்தால் காலை நேரத்துக் கடலின் நிறம், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு வெள்ளிக் கிண்ணமும் கொண்டுவந்தார். அதைக் கையில் பிடித்துப் பொய் சொன்னால் உடையும், மெய் சொன்னால் உடைந்தது மறுபடி கூடும் என்று ஃபாதர் எங்கள் காதில் சொன்னார்.

கரையில் பந்தல் போட்டோம். காலையில் போன படகுகள் திரும்பவில்லை, என் மகனும் போயிருந்தான், ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சீரை முடித்துவிட வேண்டும் என்று சலேத்தம்மா கால் தரையில் பாவாமல் நின்றாள். அவர் ஜெனோவா கழுத்தில் மாலையைப் போட்டார். நாங்கள் போட்ட குலவையில் காக்கைகள் எழுந்து பறந்தன. கிண்ணத்தில் பானகம் ஊற்றி அவர் சலேத்தம்மாவிடம் நீட்ட, அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பெருமை பொங்கி, ஊர் கேட்கச் சொன்னாள்.

“சீரு மட்டும் செஞ்சா போதுமாண்ணே? ஒங்களுக்குத்தான் இவளப் பெத்து வெச்சிருக்கேன், கூட்டிட்டுப் போங்க!”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எந்தத் தங்கச்சி தன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை? நான் என் கூடப்பிறந்தவனிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். மாமனைக் கேலி செய்யாமல் ஒரு விசேஷம் உண்டா? ஆனால் அவர் சிரிக்கவில்லை. கேலி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கிண்ணம் கோயில் மணியைப் போல ஒரு தடவை ஒலித்தது.

“சம்மதம்,” என்றார். “கடல் இருட்டுமுன்னால கெளம்பணும்.”

ஃபாதர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்றார். ஒருவன் திரும்பி வந்தானாம், கரையில் கால் வைத்ததும் சாம்பலாக உதிர்ந்தானாம், அங்கே அவன் இருந்த ஒரு வருஷத்துக்குள் இங்கே நூற்றாண்டுகள் போயிருந்தனவாம். சலேத்தம்மா ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாம்,” என்றாள் ஜெனோவா, நேராக அவர் முகத்தைப் பார்த்து. “என்னைய யாரும் கேக்கலையே. நான் வரல.”

“வரலன்னு சொல்லு மக்கா, நான் கையப் பிடிச்சா இழுக்கப் போறேன்?” என்றார் அவர், வருத்தமாக. “ஆனா ஒங்கம்மா சொன்ன சொல்லு பொய்யாப்போனா கிண்ணம் ஒடையும். கிண்ணம் ஒடஞ்சா இந்தப் பனிய என்னாலயும் சுருட்ட முடியாது. கடல்ல இருக்க ஒங்க படகெல்லாம் கரைய எப்படிக் காணும்? நான் வெச்ச சட்டமில்ல இது, கிண்ணத்தோட சட்டம்.”

எங்களுக்கு அப்போதுதான் கடல் தெரியவில்லை என்பது உறைத்தது. என் மகன் அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருந்தான். ஆனால் அவனுக்காக இந்தப் பிள்ளையைப் போ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை; சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அப்படி ஒரு நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

ஃபாதர் எழுந்து திருச்சபைச் சட்டத்தைப் பிடித்துப் பார்த்தார். தாய்மாமனைக் கட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை, பிஷப்பிடம் விசேஷ அனுமதி வேண்டும், எழுதிப் போட்டாலும் வருஷக்கணக்காகும் என்றார். “எழுதிப் போடுங்க, எங்க ஊருல காத்திருக்கத்தான் நேரம் கெடக்கே,” என்றார் மனன் அண்ணன் மரியாதையாக.

அப்போது ஜெனோவா மாலையைக் கழுத்திலிருந்து தூக்கிக்கொண்டு, மீன் பேரம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

“இருங்க. எங்கம்மா ஒங்கள அண்ணன்னு கூப்பிட்டதுனாலதான நீங்க எனக்கு மாமன்? அப்பம் எங்கப்பா ஒங்கள அண்ணன்னு கூப்பிட்டா?”

மெல்க்கியோர்தான் முதலில் கத்தினான், “பெரியப்பால்லா!”

“பெரியப்பா!” என்றாள் அவள். “பெரியப்பான்னா அப்பா. தம்பி பிள்ளைன்னா தன் பிள்ளை. அப்பம் எங்கம்மா சொன்னதுல என்ன பொய்யி? ஒங்களுக்குத்தான் என்னையப் பெத்தா. பெரியப்பா, கூட்டிட்டுப் போங்க, கோயில் வரைக்கும் கூட்டிட்டுப் போயி வீட்டுல கொண்டாந்து விடுங்க. யாரு வேண்டாம்னா?”

ஊரே ஓவென்று ஆர்ப்பரித்தது. ஃபாதர் அழுதேவிட்டார். மனன் அண்ணன் சலேத்தம்மா கையிலிருந்த கிண்ணத்தை உற்றுப் பார்த்து, “ஒரே சொல்லு. பொண்டாட்டி சொன்னா ஒரு வாசல், புருஷன் சொன்னா இன்னொரு வாசலா! எங்க நாட்டுல இப்படி ஒரு வித்த கெடையாது,” என்று அதிசயித்தார். “ஆனா மெய்யாச் சொல்லணும். வாய்க்குச் சொன்னா கிண்ணம் கண்டுபிடிச்சிரும்.”

புருஷனுக்கு அண்ணன் என்றால் தனக்கு அண்ணன் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் முன்னால் சலேத்தம்மாவுக்குப் புரிந்திருந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், “கிண்ணத்த அவுககிட்டக் குடுத்துருதேன், அத்தான்,” என்றாள். புருஷனின் அண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்; அந்த ஒரு சொல்லில் அவள் தன் அண்ணனை விட்டுக்கொடுத்தாள்.

பந்தலுக்கு வெளியே வலைக் குவியலில் உட்கார்ந்திருந்த கஸ்பாரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நின்றான். மகளைப் பார்த்தான். பல்லைக் கடித்தபடி, “அண்ணே,” என்றான்.

கிண்ணத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. பனி கரைக்கு ஏறி வந்து பந்தல் காலைத் தொட்டது. கஸ்பாருக்கு வந்ததே ஒரு கோபம்! கிண்ணத்தைப் பிடித்த கையை ஆட்டி ஆட்டி அவர் மூக்குக்கு நேரே போய் நின்றான்.

“என்னத்தச் சொல்லச் சொல்லுத? சோறு ஆக்கி வெச்சிட்டு, தம்பி, முதல்ல நீ தின்னுன்னு சொல்லிட்டுப் போனவன நீ கொண்டுபோன! ஒரு தகவல் உண்டா? ஒரு சட்டைத்துணி ஒதுங்கிச்சா? இத்தன வருஷம் நான் ஒவ்வொரு அலையாப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன், நீ வந்து சிரிச்சுக்கிட்டு, மோரு குடிச்சிக்கிட்டு, இப்பம் எம் பிள்ளையையும் கேக்க! பெரியவனாப் பொறந்தா போதுமா? வீட்டுக்குப் பெரியவன் இப்படித்தான் செய்வானா? ஒனக்கு மனசே கெடையாதா அண்ணே!”

சொன்னது அவனுக்கே தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது. கோடு கீழிருந்து மேலாக மூடிக்கொண்டு போயிற்று, கடைசி மயிரளவும் கூடியது, கிண்ணம் ஒலித்தது. சொந்த அண்ணனைத் தவிர வேறு யாரையும் ஒருத்தன் அப்படித் திட்ட முடியாது, கிண்ணத்துக்கும் அது தெரிந்திருக்கிறது.

“மன்னிச்சுக்கோ தம்பி,” என்றார் அவர், தலையைக் குனிந்து. போர்வையைச் சுருட்டினார். பனி விலகி, வெயில் பளீரென்று அடிக்க, கூப்பிடு தூரத்தில் அத்தனை படகுகளும் நின்றுகொண்டிருந்தன; முன் படகில் என் மகன் நின்று, என்ன இத்தனை கூட்டம் என்று கையை ஆட்டிக் கேட்டான். நான் தண்ணீரில் இறங்கிக் கத்தியது எனக்கே கேட்கவில்லை. இந்தப் பக்கம் வேறொரு கூத்து. வயதுக்கு வந்த பெண் வைத்திருந்த ஒவ்வொரு தகப்பனும், நேற்று வரை மச்சான் என்று தோளில் கைபோட்டவர்கள், முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்து “அண்ணே! அண்ணே!” என்று கத்தினார்கள். மெல்க்கியோர் விழுந்து எழுந்து கத்தினான். அவருக்கு மெய்யாகவே சிரிப்பு வந்துவிட்டது. ஜெனோவா அவர் கையைப் பிடித்து, “வாங்க பெரியப்பா, சோறு ஆறுது,” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குதிரையில் ஏறும்போது ஊர் மொத்தமும் வழியனுப்ப நின்றது. கஸ்பார்தான் கடிவாளத்தைப் பிடித்துத் தண்ணீர் வரைக்கும் கூட்டிப்போனான். அங்கே நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, கடைசியில் கேட்டான்.

“அண்ணே, எங்க இராயப்பண்ணன் அங்க எப்படி இருக்கான்?”

“அப்படியேதான் இருக்கான். எங்க நாட்டுல யாருக்கு வயசாவுது? ஒங்கிட்டருந்து வந்த அன்னைக்கு எப்படியோ, அப்படியே.” அவர் கஸ்பாரின் நரைத்த தலையைப் பார்த்தார். “இப்பம் ஒன்னையப் பாத்தா அவன்தான் தம்பி. ஒன்னைய அவன்தான் அண்ணேன்னு கூப்பிடணும்.”

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனுஷன் குரலில் சொன்னான்.

“அப்பம் சின்னப்பய அவன். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க. நான் வந்து பாத்துக்கிடுதேன்.”